நம்பர் எங்கிட்ட இருக்கு

ஒவ்வொரு ஆபீசிலும் ஒரு நம்பர்காரர் இருக்கிறார். பெரிய ஆபீசுகளில் ஏழெட்டுப் பேர் இருப்பதால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அடங்கிக் கிடப்பார்கள். நாலு பேர் வேலை பார்க்கிற சின்ன ஆபீசில் ஒரே ஒருவர்தான். அதனால் அவர் வைத்ததுதான் சட்டம். அங்கே பெயர்ப்பலகை இருக்கும், முதலாளி இருப்பார், கம்ப்யூட்டர் இருக்கும், சுவரில் மூன்று கடைகளின் காலண்டர் தொங்கும். ஆனால் குழாய் ரிப்பேருக்கு ஒரு ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் இவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒரு நம்பர் கேளுங்கள். சாதாரண மனிதன் என்ன செய்வான்? போனை எடுப்பான், தேடுவான், அனுப்புவான், தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். நம்பர்காரர் முதலில் நிமிர்ந்து உட்காருவார். எதுக்கு என்பார். நீங்கள் காரணம் சொல்வீர்கள். அந்தக் காரணம் போதுமானதுதானா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசிப்பார். பிறகு போனை எடுத்து, திரை உங்கள் பக்கம் திரும்பிவிடாதபடி, சீட்டாடுகிறவன் சீட்டைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்து, ஒரு விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருப்பார். அப்போது அவர் முகத்தில் ஒரு தாய்மை தெரியும். கடைசியில் போனைச் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டுச் சொல்வார்: "நம்பர் எங்கிட்ட இருக்கு. நான் பேசிக்கிறேன்."

அவ்வளவுதான். நீங்கள் கேட்டது நம்பர். கிடைத்தது, அது அவரிடம் இருக்கிறது என்ற செய்தி.

இந்த இனத்தில் ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால் திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், அப்துல் ஹக்கீம் பாயின் விசேஷச் சமையல் ஆபீசில் பார்க்கலாம். கல்யாணம், காதணி, வலீமா விருந்து, புதுமனை என்று எது வந்தாலும் ஆட்களும் பாத்திரமும் அரிசியும் இங்கிருந்துதான் போகும். ஹக்கீம் பாய் முதலாளி. நர்கீஸ் ஆர்டர் எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள். மலைச்சாமி வேன் ஓட்டுகிறவர். இந்த மூவருக்கும் நடுவில், முதலாளி மேஜைக்குப் பக்கவாட்டில் போட்ட பச்சை ரெக்சின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கிதர் முகம்மது. வயது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் யாராலும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது. அவர் பேசிக்கொள்கிறார்.

பிரியாணி மாஸ்டரிடம் அவர் பேசிக்கொள்வார். இலைக்காரரிடம், தண்ணீர் லாரிக்காரரிடம், பந்தல்காரரிடம், கூலிங் பெட்டிக்காரரிடம், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காயம் ஏற்றிவிடுகிறவரிடம், எல்லாரிடமும் அவரே பேசிக்கொள்வார். மற்றவர்கள் அவரிடம் பேசினால் போதும். மாஸ்டருக்கு எந்த ஊர், எந்த மண்டபம் என்றுகூட முன்கூட்டிச் சொல்லமாட்டார். "காலைல பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க. நான் கூப்பிடுவேன், அப்ப சொல்றேன்" என்பதோடு சரி. ஏன் என்று நர்கீஸ் ஒருநாள் கேட்டதற்கு, அரசாங்க ரகசியம் சொல்கிறவர் குரலில் விளக்கினார்: மண்டபம் எதுன்னு முந்தியே சொன்னா, மாஸ்டர் பார்ட்டிகிட்ட நேராப் பேசிருவாரு, நேராப் பேசிட்டா அடுத்த விசேஷத்துக்கு நேரா அவரையே கூப்பிட்டுக்குவாங்க, அப்புறம் நாம எதுக்கு?

'நாம' என்று அவர் சொன்னது ஆபீசை அல்ல. அது அவருக்கே தெரியும். இரவு படுக்கும்போது சில நாள் அவர் அதை ஒழுங்காகவே கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. ஆர்டர் எடுக்க நர்கீஸ் இருக்கிறாள். வண்டிக்கு மலைச்சாமி. முதலாளியாக இருக்க முதலாளி. தன் போனில் இருக்கிற நூற்றிச் சொச்சம் நம்பரையும் எடுத்துவிட்டால், பச்சை நாற்காலியில் மிச்சம் இருப்பது என்ன? ஒரு கண்ணாடி, ஒரு பேனா, ரத்த அழுத்த மாத்திரை. ஆகவே போனை அவர் சட்டைப் பையை விட்டு இறக்குவதே இல்லை. குளிக்கப் போனால் ஜன்னல் விளிம்பில் வைப்பார். சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதிர்த்தரப்பிலிருந்து யாரும் அவருக்குக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் பிடிக்காது. "நீங்க எதுக்கு அடிக்கிறீங்க, நான்தான் அடிக்கிறேன்னேன்ல" என்று ஒரு கடி கடித்தால் அடுத்த முறை அந்த ஆள் கூப்பிடமாட்டார். இப்படி இருபத்திரண்டு வருடத்தில் திண்டுக்கல் ஜில்லாவின் சமையல்காரர்கள், இலைக்காரர்கள் எல்லாரையும் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கப் பழக்கியிருந்தார். இது மட்டும் நல்லபடியாகப் பலித்திருந்தது.

வீட்டிலும் இதே ஆட்சிதான். மனைவி ஷாஹினா கேஸ் சிலிண்டர் வரவில்லையே என்றால், "நம்பர் எங்கிட்ட இருக்கு." தையல் மெஷின்காரர் எங்கே என்றால், "நான் பேசிக்கிறேன்." அவளுடைய சொந்தத் தம்பி சவூதியில் புது சிம் மாற்றினான், புது நம்பர் என்ன என்று அந்த அம்மாள் கேட்டதற்கும், செத்த யோசித்துவிட்டு, "எதுக்கு?" என்றவர் இவர்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் நர்கீஸ் ஒரு ஷீட்டைத் திறந்தாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். பேகம்பூரிலேயே வீடு. போனில் எல்லாரும் பார்க்கலாம், எல்லாரும் திருத்தலாம் என்கிற மாதிரி ஒரு பட்டியல் போட்டாள்: பெயர், வேலை, ஊர், நம்பர். யாருக்காவது நம்பர் மாறினால் தெரிந்தவர் அதிலேயே மாற்றிவிட வேண்டியது. நாலு பேர் போனிலும் மாறிவிடும். ஹக்கீம் பாய்க்கு இது பிடித்துப் போயிற்று. அவர் போனில் இருந்த நம்பர்களெல்லாம் எப்போதோ செத்துப்போனவை; எதற்கும் 'கிதரு, கொஞ்சம் பேசிருப்பா' என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்திருந்தது. ஒரு வாரத்தில் கிதர் எல்லாத்தையும் அதுல ஏத்திருவார் என்று அறிவித்தார்.

கிதர் முகம்மது தலையாட்டினார். நம்பர்காரர்கள் எப்போதும் தலையாட்டுவார்கள். எதிர்த்துப் பேசுகிற நம்பர்காரரை நீங்கள் எங்கும் பார்க்க முடியாது.

முதல் வாரம் சார்ஜர் சரியில்லை. இரண்டாம் வாரம் கண்ணாடி பவர் மாறிவிட்டது. மூன்றாம் வாரம் ஒரு வலீமா. நான்காம் வாரம் நர்கீஸ் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணே நீங்க சொல்லுங்க, நான் ஏத்திக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவரும் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் தெரிந்தது, அவர் பெயர்களை வைத்திருக்கிற லட்சணம். இலை. இலை 2. இலை பழசு. இலை வேணாம். தண்ணி கோபக்காரர். மாஸ்டர் புதுசு. மாஸ்டர் புதுசு புது. ஆடு மச்சான். மச்சான் ஆடு.

"ரெண்டும் ஒருத்தர்தானாண்ணே?"

"அதெப்படி ஒருத்தராகும்? இவரு வேற, அவரு வேற."

"எப்படிண்ணே தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

பன்னிரண்டு பெயர் மட்டும் ஏறி, நம்பர்களுக்கு வருவதற்குள் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அன்றைக்கு அஸர் தொழுகை வழக்கத்தை விட ஒன்றரை மணி நேரம் கூடுதலாக நடந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் சொல்லாமலே, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, தானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் சாயங்காலம் வரைக்கும் குத்திக் குத்தி ஏற்றினார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வரி. ஹக்கீம் பாய் போனில் மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்றார். நர்கீஸ்தான் நாலாவது கட்டத்தையும் பார்த்தாள். தீயணைப்பு, கரண்ட் ஆபீஸ், முனிசிபாலிட்டி இந்த மூன்றைத் தவிர, நூற்றி ஒன்பது பேருக்கும் ஒரே நம்பர். மாஸ்டருக்கு அந்த நம்பர். இலைக்கு அந்த நம்பர். இலை வேணாமுக்கும் அதே நம்பர். அது கிதர் முகம்மதுவின் நம்பர்.

"என்னண்ணே இது?"

கிதர் முகம்மது பொறுமையாகவே சொன்னார். "யாருகிட்டப் பேசணும்னாலும் அதுக்கு அடிங்க. நான் பேசிக்கிறேன். அவங்க நம்பரெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும் நர்கீஸ். நான் மாற மாட்டேன்."

அவள் முதலாளியிடம் சொன்னாள். முதலாளி சிரித்தார். பழைய ஆளு, விடும்மா, போகப் போக மாத்துவாரு என்றார். முதலாளிகளின் இந்தப் 'போகப் போக' என்ற சொல்லில்தான் நாட்டிலுள்ள நம்பர்காரர்கள் அத்தனை பேரும் குடும்பம் நடத்துகிறார்கள்.

போகப் போக என்ன ஆயிற்று என்றால், எரியோட்டில் ஒரு காதணி விழா வந்தது.

ஆர்டர் கொடுத்தவர் ஜக்கம்மாள். காய்கறித் தோட்டமும் கொஞ்சம் வாழையும் தென்னையும் உள்ள கை. மகள் வழிப் பேரப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் காது குத்து. அறுநூறு பேருக்கு மட்டன் பிரியாணி. பகல் பன்னிரண்டே காலுக்கு முதல் பந்தி. ஆடு அவர்களுடையது, இலை அவர்கள் தோட்டத்தது. மாஸ்டர், பாத்திரம், அரிசி, மசாலா மட்டும் நம்முடையது. எதற்கும் இருக்கட்டும் என்று ஜக்கம்மாள் நர்கீஸின் நம்பரைக் கேட்டார், நர்கீஸ் சொன்னாள், முடிந்தது. நாலு வினாடி வேலை. கிதர் முகம்மது நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு நம்பர் காற்றில் போவதைப் பார்த்ததும் தன் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

விழா ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலமே மலைச்சாமி தேக்சா அண்டாக்களையும் அரிசியையும் எரியோட்டு மண்டபத்தில் இறக்கிவிட்டு வந்துவிட்டார். மாஸ்டர் இஷாக் பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்காரர். கிதர் முகம்மது அவரிடம் வழக்கம்போலப் பேசிக்கொண்டார்: ஆறு ஆளோடு காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க, நான் கூப்பிடுவேன், அப்ப சொல்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். ஒளுச் செய்யத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, முகம் கழுவி, கை கழுவி, காலைக் கழுவக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து போன் நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சின்னக் கல் விழுந்த மாதிரி. பச்சைப் பாசிக்குள் அது இரண்டு வினாடி வெளிச்சமாகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையை விட்டு எடுத்துக் கொடுப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

அவர் உடனே ஆபீசுக்கு ஓடி நர்கீஸையோ முதலாளியையோ எழுப்பியிருப்பார் என்று நீங்கள் நினைத்தால், இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு நேரம் சொன்னது வீண். ஆபீசுக்கு ஓடினார், ஆனால் குடோனுக்குள் போனார். அங்கே வாயைப் பிரித்து வைத்திருந்த சீரகச்சம்பா மூட்டையில் முழங்கை வரை கையை விட்டுப் போனைப் புதைத்துவிட்டு, அரிசி ஈரத்தை இழுக்கும், ஒரு மணி நேரத்தில் உயிர் வந்துவிடும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று மூட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு எண்ணெய் டின்னில் உட்கார்ந்துகொண்டார். ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தார். ஆறரைக்குப் பார்த்தார். ஏழு மணிக்கு எடுத்தபோது சார்ஜர் துவாரத்தில் இரண்டு அரிசி சிக்கியிருந்ததே தவிர வேறு முன்னேற்றம் இல்லை.

ஏழேகாலுக்கு ஜக்கம்மாள் நர்கீஸைக் கூப்பிட்டார்.

"ஏத்தா நர்கீசு, ஆட்ட உரிச்சாச்சு. அடுப்பு வெட்டியாச்சு. வெறகும் வந்துருச்சு. ஆக்குற ஆளுகளைத்தான் காணம். உங்க கிதர் பாய்க்கு அடிச்சா அணைச்சு வச்சிருக்காருன்னு வருது. அம்புட்டுச் சனத்துக்கும் நானே உக்காந்து ஆக்கவா?"

நர்கீஸ் ஓடி வந்தாள். மலைச்சாமி வந்தார். ஹக்கீம் பாய் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், முழங்கையெல்லாம் தவிட்டு மாவோடு கிதர் முகம்மது எழுந்து நின்றார்.

அடுத்த அரைமணி நேரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஷாக் மாஸ்டர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் இருக்கலாம், எந்தப் பக்கம் என்று தெரியாது. பஸ்ஸே ஏறவில்லையோ என்னவோ, அதுவும் தெரியாது. ஹக்கீம் பாய் தன் போனில் மாஸ்டர் நம்பரைக் கண்டுபிடித்து அடித்தார். அது மாஸ்டர் இரண்டு சிம்முக்கு முன்னால் வைத்திருந்தது. ஒரு கோழிப் பண்ணையில் யாரோ எடுத்து, முட்டை எத்தனை தட்டு என்றார்கள். வேறு மாஸ்டரைப் பிடிக்கலாமென்றால் அவர்கள் நம்பரும் அரிசிக்குள்தான் இருந்தது. போனில் உள்ளதெல்லாம் வேறெங்கேயாவது ஏற்றி வைத்திருக்கிறீர்களா என்று நர்கீஸ் கேட்டாள். இல்லை. கிளவுடு என்று ஆகாயத்தில் ஏற்றி வைத்தால் எவனெவன் பார்ப்பானோ என்று அவர்தான் ஒப்புக்கொள்ளவில்லையே. சரி, சிம்மைக் கழற்றி மலைச்சாமியின் பட்டன் போனில் போட்டார்கள். சிம் வேலை செய்தது. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது: கம்பெனிக்காரனே போட்டு அனுப்பிய கஸ்டமர் கேர்.

பட்டன் போனை மலைச்சாமி கையில் வைத்துக்கொண்டு, மாஸ்டரே கூப்பிடுவார், இப்பக் கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கே கூப்பிடுவார்? அவரைத்தான் கடித்துக் கடித்துப் பழக்கியாயிற்றே.

கிதர் முகம்மதுவுக்கு வேர்த்தது. பச்சை நாற்காலி அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது. எரியோட்டில் அறுநூறு பேர் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்த நாற்காலியில் இனிமேல் யார் உட்காருவார்? திடீரென்று அவருக்கு ஒரு வழி தோன்றியது. தண்ணீரில் விழுந்தவன் கையில் கிடைத்ததைப் பிடிக்கிற வேகத்தில் சொன்னார்.

"லிஸ்டு. லிஸ்ட்ல இருக்குமே. நூத்திப் பன்னெண்டு பேரு நான்தானே ஏத்தினேன். நர்கீஸ், அதத் தெற. மாஸ்டருக்கு அடி."

நர்கீஸ் அவரை ஒருமுறை பார்த்தாள். ஷீட்டைத் திறந்தாள். 'மாஸ்டர் புதுசு புது' என்ற வரியில் விரலை வைத்து, அழுத்தி, போனை அவர் கையில் கொடுத்தாள். கிதர் முகம்மது காதில் வைத்துக்கொண்டார். மணி அடிக்கிறது என்று முதலாளியிடம் சைகை காட்டினார். முகத்தில் உயிர் வந்தது.

மலைச்சாமியின் கையில் பட்டன் போன் அலறியது.

மலைச்சாமி அதைப் பார்த்தார். நர்கீஸைப் பார்த்தார். பிறகு மரியாதையாக நீட்டினார். "பாய், உங்களுக்குத்தான் வருது."

ஹக்கீம் பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அது கோபமா சிரிப்பா என்று முதுகைப் பார்த்துத் தெரியவில்லை.

நர்கீஸ் தன் போனை வாங்கி வேறொரு நம்பரைப் போட்டாள். ஷாஹினாவின் நம்பர். பக்ரீதுக்குக் கறி கொடுத்தனுப்பியபோது வாங்கி வைத்தது. அண்ணன் வீட்டில் பழைய டைரி ஏதாவது வைத்திருப்பாரோ என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். அவசரத்தில் நாலு பேருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"எந்த இஷாக்கு?" என்றது ஷாஹினாவின் குரல். "பிரியாணி இஷாக்கா, பந்தல் இஷாக்கா?"

"பிரியாணிதான்கா."

"செத்த இரு. மக பாஸிலா காலேஜு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்." தாள் புரள்கிற சத்தம் கேட்டது. "எழுதிக்க. புது நம்பரும் இருக்கு, அவரு சம்சாரம் நம்பரும் இருக்கு. அந்த அம்மாதான் சட்டுனு எடுக்கும்."

நர்கீஸ் எழுதிக்கொண்டே கேட்டுவிட்டாள். "ஏங்கா, இதெல்லாம் உங்ககிட்ட எப்படி?"

"மூணு வருசத்துக்கு முந்தி இவுகளுக்குக் கிட்னில கல்லு எடுத்தாங்கல்ல. ஆபீசுலருந்து அந்த நம்பரு குடு, இந்த நம்பரு குடுன்னு எனக்கு ஒரே போனு. இவுக கட்டில்ல படுத்துக்கிட்டு, நான் பேசிக்கிறேன் நான் பேசிக்கிறேன்னே இருந்தாக. மயக்க ஊசி போட்டு உள்ள கொண்டு போனதும் போன் எங்கிட்டத்தான இருந்துச்சு. ரெண்டு மணி நேரம். அம்புட்டையும் எழுதிட்டேன். அப்பறம் யாருக்காச்சும் மாறுனாலும் இவுக தூங்கறப்ப பாத்து மாத்தி வச்சுக்குவேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவுககிட்டச் சொல்லிராத. பாவம், வருத்தப்படுவாக."

அவுக ஸ்பீக்கருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தாக.

இஷாக் மாஸ்டர் முதல் மணியிலேயே எடுத்தார். "ஏனுங்க, பாய் கூப்பிடறேன்னாருங்க, அதான் உக்காந்திருக்கறமுங்க. அஞ்சரைக்கே வந்துட்டமுங்க." எங்கே என்றாள் நர்கீஸ். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை. ஆபீசு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் அந்த டீக்கடைத் திருப்பம் தெரியும். ஆறு ஆட்களும் கரண்டி மூட்டையும் சேர்த்து இரண்டு மணி நேரமாக, தலைக்கு நாலு டீ முடித்திருந்தார்கள். ஏன் ஒரு போன் போடக் கூடாதா என்று ஹக்கீம் பாய் குறுக்கே கேட்டதற்கு, மாஸ்டர் திகைத்துப் போனார். "நாம அடிச்சா பாய்க்குப் புடிக்காதுங்களே."

மலைச்சாமி வேனை எப்படி ஓட்டினார் என்று மாஸ்டர் பிறகு பல ஊர்களில் சொல்லியிருக்கிறார். எட்டரைக்கு அடுப்பு மூட்டினார்கள். பன்னிரண்டே காலுக்குப் போட வேண்டிய பந்தியை ஒன்று பத்துக்குப் போட்டார்கள். நடுவில் ஜக்கம்மாள் சொந்தக்காரர்களுக்கு இரண்டு தடவை கலர் சோடா கொடுத்துச் சமாளித்தார். பிரியாணி நன்றாகவே இருந்தது. பசியில் உட்கார்ந்ததால் வழக்கத்தைவிட நன்றாக இருந்தது என்று எரியோட்டில் பேச்சு.

திங்கட்கிழமை ஷாஹினா நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து நர்கீஸுக்கு அனுப்பினாள். ஒன்பது படம். அவள் எழுதியிருந்த முறையே வேறு. 'அய்யனார், இலை, சின்னாளப்பட்டி. சம்சாரம் எடுப்பாங்க, மெதுவாப் பேசணும்.' 'தண்ணி லாரி. கோபக்காரர் இல்லை, காது கேக்காது.' கிதர் முகம்மது பதினைந்து வருடமாகக் கோபக்காரர் என்று வைத்திருந்த மனிதருக்குக் காது மந்தம் என்பது அன்றைக்குத்தான் ஆபீசுக்குத் தெரிந்தது. நர்கீஸ் மத்தியானத்துக்குள் நூற்றி ஒன்பது வரியையும் திருத்திவிட்டாள். ஹக்கீம் பாய் சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "கிதரு, நீ மாற மாட்டேன்னியாம். நல்லதுதான். இனிமே தொழுகப் போறப்ப போனை வீட்ல வச்சுட்டுப் போ."

பச்சை நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. ஹக்கீம் பாய் அப்படிப்பட்டவர் அல்ல. நாற்காலி அங்கேயே இருந்தது, கிதர் முகம்மதுவும் அதிலேயே இருந்தார். ஆனால் இஷாக் மாஸ்டர் நேராக நர்கீஸிடம் பேசினார். இலைக்காரரிடம் மலைச்சாமியே பேசினார். வெங்காயம் தானாக வந்தது. கிதர் முகம்மது புதுப் போன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பொழுதுக்கும் அதை எடுத்து எடுத்துப் பார்த்தார். புதன்கிழமை பதினொரு மணிக்கு அது அடித்தது. லோன் வேணுமா சார் என்று ஒரு பெண் கேட்டாள். அவளிடம் நாலு நிமிடம் பேசினார். எந்த ஊர், எந்த ஆபீஸ், மேனேஜர் பெயர் என்ன என்றெல்லாம் விசாரித்தார். வைக்கும்போது, "உங்க நம்பரப் போட்டு வச்சுக்கிறேன்மா" என்றார்.

வீட்டில் அவர் அந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷாஹினாவும் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரர் நம்பர் உங்கிட்ட இருக்கா என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஷாஹினா வெஞ்சனம் வைத்துக்கொண்டே, எதுக்கு என்றாள்.

இத்தோடு விட்டுவிட்டால் நர்கீஸ் நல்லவள், கிதர் முகம்மது கெட்டவர் என்று நினைத்துக்கொண்டு நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் மலைச்சாமி உள்ளே வந்தார். பஞ்சர் ஒட்டுகிறவர் நம்பர் மாறிவிட்டதாம், ஷீட்டில் தானே மாற்றப் பார்த்தாராம், முடியவில்லையாம். ஏதோ பூட்டு மாதிரி வருகிறதாம்.

நர்கீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆளாளுக்குக் கையை வைத்து நாலு வரியைக் கலைத்துவிட்டதாகவும், அதனால் பூட்டி வைத்திருப்பதாகவும் சொன்னாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குண்ணே நீங்க மாத்தணும்? நம்பர எங்கிட்டச் சொல்லுங்க. நான் போட்டுக்கிறேன்."

பச்சை நாற்காலியில் கிதர் முகம்மது மெல்லத் தலையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பேரப் பிள்ளைக்குத் தன் மூக்கு வாய்த்திருப்பதைத் தொட்டிலில் குனிந்து கண்டுபிடித்தவர் பார்க்கிற பார்வை அது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். போன வாரம் பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்று உங்களிடம் ஒரு நம்பர் கேட்டார்கள். போன் உங்கள் கையில்தான் இருந்தது. அந்தப் பெயரும் திரையில் வந்துவிட்டது. அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஞாபகம் இல்லையா? பரவாயில்லை. உங்களுக்கும் அந்தக் கிதர் முகம்மதுவுக்கும் சம்பந்தமே இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

சந்தேகம் இருந்தால் மட்டும், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அலமாரியில் பிள்ளைகளின் பழைய நோட்டுகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.